சிற்றரங்கில் ஒரு ஹரிகதை

சங்கக் காரியதரிசி அவர்கள் சென்ற மாதம் என்னைக் கண்டபோது, “நம் பத்திரிகைக்கு இவ்வூரைப் பற்றி ஏதேனும் எழுதிக் கொடுங்கள். பார்வதி மலையும் சனிவார் வாடாவும் மட்டும் வேண்டாம், அவை பன்முறை வந்துவிட்டன” என்று கேட்டுக்கொண்டார். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரெயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீதும் பேரேடுமாகக் காலங்கழிக்கும் எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். பின்னர் ஒரு மழை நாளின் மாலைப் பொழுது நினைவுக்கு வந்தது.

நம்மவர்க்கு நாடகத்தில் ஆசை இல்லையென்று சொல்ல முடியாது. சென்னையிலிருந்து சபா நாடகக் குழுவொன்று இவ்வூருக்கு வந்துவிட்டால் குடும்பத்தோடு சென்று சிரித்துவிட்டு வருகிறோம். ஆனால் சதாசிவ பேட்டையின் பரத் நாட்ய மந்திரையும், சனிவார் பேட்டையின் சுதர்சன் ரங்கமஞ்சையும் நம்மில் எத்தனை பேர் உள்ளே சென்று பார்த்திருக்கிறோம்? பத்து ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் நான் பார்த்ததில்லை. மராட்டி நாடகம் மராட்டியர்க்கு என்று இருந்துவிட்டேன்.

என் எண்ணத்தை மாற்றியவர் என் அலுவலக நண்பர் ஒருவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராயினும் என்னை “அண்ணா” என்றே அழைப்பார். இவ்வூரில் தென்னாட்டார் எல்லோரும் அண்ணாக்களே அல்லவா? பகல் முழுதும் மூட்டைகளுக்கு எடை போட்டுவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு ஓடுவார். ஊதியம் ஏதும் கிடையாது. உடுப்புக்கும் விளக்குக்கும் தம் கையிலிருந்தே கொடுப்பதும் உண்டு. “எதற்கு இந்தப் பாடு?” என்று நான் கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை, இந்நகரின் நாடகக் கதையைச் சொன்னார்.

1972-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், பரத் நாட்ய மந்திரில் “காஷீராம் கோத்வால்” என்னும் நாடகம் அரங்கேறியது. எழுதியவர் விஜய் டெண்டுல்கர்; இயக்கியவர் ஜப்பார் பட்டேல்; இசை அமைத்தவர் பாஸ்கர் சந்தாவர்க்கர். சென்னைக் கொத்தவால் சாவடியை அறிந்தவர்களுக்குக் “கோத்வால்” என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பேஷ்வாக்கள் காலத்தில் கன்னோஜியிலிருந்து பிழைப்புத் தேடிப் புணே வந்த அந்தணன் ஒருவன், திருடன் என்று பழி சுமத்தப்பட்டு அவமானம் அடைகிறான். பழி தீர்க்க உறுதி பூணும் அவன், தன் மகளையே நானா பட்னவீசுக்கு ஒப்புவித்து நகரின் கோத்வால் பதவியைப் பெறுகிறான். பின்பு ஊரையே வாட்டி வதைக்கிறான். இறுதியில் நானா அவனைக் கைவிட, ஊரார் கையால் மடிகிறான்.

காஷீராம் சரித்திரத்தில் இருந்தவனே. 1791-இல் அவன் வீழ்ந்ததற்குக் காரணம், அவனுடைய சிறையில் அடைபட்ட தெலுங்கு நாட்டு அந்தணர் பலர் மூச்சு முட்டி மாண்டதாகும். வடக்கிலிருந்து வந்த ஒருவனால் தெற்கிலிருந்து வந்தவர்கள் மாண்டார்கள். அதன் பொருட்டு அவனும் மாண்டான். வெளியூரிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் நாம் இக்கதையை அறியாதிருந்தது எனக்கு வியப்பையே தந்தது.

மேடையில் திரைச்சீலைகளோ தூண்களோ இல்லை. பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று பாடுவார்கள், ஆடுவார்கள். அவர்களே சுவர்; அவர்களே திரை. முதுகைத் திருப்பிக்கொண்டால் காட்சி மறையும். முகத்தைக் காட்டினால் நகரம் தோன்றும். இவ்வளவு எளிய உபாயம் அந்நாளில் பெரும் புதுமையாயிற்று. எதிர்ப்பும் அவ்வளவுக்கு இருந்தது. 19 ஆட்டங்களோடு, அதை நடத்திய பிராக்ரசிவ் டிரமாட்டிக் அசோசியேஷனே நாடகத்தை நிறுத்திவிட்டது. நடித்த இளைஞர்கள் வெளியேறி 1973-இல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கி, 1974-இல் அந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றினர். 1980-இல் ஐரோப்பிய நாடுகளுக்கும் அது சென்றது. 1976-இல் அக்கதை திரைப்படமாயிற்று. அதை இயக்கிய நால்வருள் ஒருவர், பின்னாளில் தமிழில் “ஏழாவது மனிதன்” எடுத்த கே. ஹரிஹரன் என்பதை நாம் சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம்.

இவர்களெல்லாம் நாடகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஜப்பார் பட்டேல் குழந்தை மருத்துவர். நம் ரெயில் பாதையிலுள்ள தவுண்டில் வைத்தியம் பார்த்தவர். நானாவாக நடித்த மோகன் ஆகாஷே மனநோய் மருத்துவர். சதீஷ் ஆலேகர் உயிர்வேதியியல் படித்து, நம் நிலையத்துக்கு அருகிலேயே உள்ள பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர். தவுண்டுக்கு எத்தனையோ மூட்டைகளை அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து ஒரு நாடக இயக்குநர் வந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஆலேகர் எழுதி இயக்கிய “மகாநிர்வாண்” 1974-இல் மேடை கண்டது. அதைத்தான் நண்பர் குழுவினர் பேட்டைப் பகுதியிலுள்ள ஒரு சிறு அரங்கில் நடத்துவதாக இருந்தனர். கதையைக் கேட்டதும் எனக்குத் திகில் உண்டாயிற்று. பாவுராவ் என்பவர் இறந்துபோகிறார். இறந்தவரே எழுந்து நின்று, தம் மரணத்தைக் கீர்த்தனமாகச் சொல்லத் தொடங்குகிறார். ஊரின் பழைய மயானத்தை மூடப் போகிறார்கள். புதிய மயானத்தில் எரிய மாட்டேன், பழையதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்!

எனக்குத் திகில் உண்டானதற்குக் காரணம் உண்டு. என் தகப்பனார் நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே என் இல்லத்தில் காலமானார். கும்பகோணத்தில் காவிரிக் கரையில்தான் தம்மை எரிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பிரேதத்தை ரெயிலில் அனுப்ப வழி உண்டு. அதற்கு ரசீது எழுதுவதும் பார்சல் அலுவலகமே. பிறர் வீட்டுத் துயரங்களுக்கு நான் எழுதியிருக்கிறேன். ஆயினும் அது வைகாசி மாதம். பிரயாணம் ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் மேற்பட்டது. பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். இங்கேயே வைகுண்டத்தில் எரித்து, அஸ்தியை மட்டும் காவிரிக்குக் கொண்டு சென்றேன். அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நாடகத்தன்று என் மனைவி உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தாள். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் அழைத்துச் சென்றேன். ஒன்பது வயது மகளும் உடன் வந்தாள். கதையை அம்மாவிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது கோழைத்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல மழை. அரங்கில் எங்களோடு சேர்த்து இருபத்து மூவர் இருந்தோம். எண்ணுவது என் தொழில் ஆகையால் எண்ணினேன். நடிகர்களுக்கும் எங்களுக்கும் இடையே நாலு முழமே இருந்தது. அவர்கள் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுந்தது.

பாவுராவ் ஜால்ராச் சத்தத்தோடு கீர்த்தனத்தை எடுத்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “ஏண்டா, இது ஹரிகதையல்லவா?” என்றாள்.

உண்மையே. நம் தஞ்சைத் தரணியில் ஹரிகதை செழித்ததே, மராட்டியக் கீர்த்தனகாரர்கள் அங்கு வந்து பாடியதை ஒட்டித்தான். தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் அம்முறையைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டினார். அதற்கும் முன்பே தஞ்சையின் மராட்டிய மன்னர்கள் மராட்டியில் நாடகங்கள் எழுதினார்கள். அச்சுவடிகள் சரஸ்வதி மகாலில் உள்ளன. நவீன மராட்டி நாடகத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் விஷ்ணுதாஸ் பாவேயின் “சீதா சுயம்வரம்” சாங்கிலியில் நடந்ததோ 1843-இல்தான். ஆகவே கும்பகோணத்துக் கிழவி ஒருத்தி மராட்டி மேடையில் தன் பிள்ளைப் பிராயத்தைக் கண்டுகொண்டது அதிசயமன்று. நம் நாட்டிலும் ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது, தெருக்கூத்தையே கற்கச் சென்றார்.

அம்மாவுக்கு மராட்டி தெரியாது. எனக்கோ அலுவலக மராட்டி மட்டுமே. மகள்தான் பாட்டியின் காதில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய மயானம் வேண்டும் என்று பாவுராவ் அடம் பிடிக்கும் இடம் வந்தது. குழந்தை அதையும் சொல்லிவிட்டாள். நான் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெல்லிய சிரிப்பொலி கேட்டது. திரும்பிப் பார்த்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் நண்பர் முகப்பூச்சைக் கலைக்காமலே இறங்கி வந்து அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். அம்மா அவரைத் “தீர்க்காயுசா இரு” என்று வாழ்த்தினாள். ஆட்டோவில் திரும்பும்போது, “உங்கப்பாவுக்கும் பேச வாய்த்திருந்தால் இப்படித்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தியிருப்பார்” என்றாள். நான்கு ஆண்டுகளில் இதுவே முதற்பேச்சு. காவிரிக்கு எடுத்துப் போகாதது என் பிழையா என்று நான் கேட்டேன். “வைகாசி வெயிலில் என்னடா செய்ய முடியும்?” என்று சொல்லிவிட்டு, மழைச்சாரல் படாமல் குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள்.

நண்பரின் குழு அடுத்து வேறொரு நாடகத்தை ஒத்திகை பார்த்து வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் முறையை மாற்றிக்கொண்டு நான்கு டிக்கெட்டுகள் வாங்கிவிட்டேன். இம்முறை என் மனைவியும் வருகிறாள். பாட்டிக்குப் பக்கத்து இருக்கை தனக்குத்தான் என்று மகள் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.