யுக்கிஹிக்கோ கித்தமுரா

யுக்கிஹிக்கோ கித்தமுரா ஜப்பானைச் சேர்ந்த நோயியல் ஆய்வாளர் ஆவார். ஒசாக்கா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் நோயியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஒவ்வாமைக்குக் காரணமான மாஸ்ட் உயிரணுக்கள் எங்கிருந்து தோன்றுகின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காகவும், இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோயின் மரபணுக் காரணத்தைத் தம் குழுவினருடன் 1998இல் வெளிப்படுத்தியமைக்காகவும் அறியப்படுகிறார். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரண்டையும் இணைப்பது கிட் என்னும் ஒரே மரபணுவாகும்.

பின்னணி

மாஸ்ட் உயிரணுக்கள் தோல், மூச்சுக்குழாய், குடல் முதலிய இடங்களின் திசுக்களில் காணப்படுபவை. 1878இல் ஜெர்மானியரான பால் எர்லிக், லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அளித்த தம் ஆய்வேட்டில் சாயமேற்றும் முறையால் இவற்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நிறைந்திருந்த குருணைகளைக் கண்டு, இவை மிகுதியாக ஊட்டம் பெற்ற உயிரணுக்கள் என்று கருதியே இப்பெயரை இட்டார். கருத்து பிழையானது எனினும் பெயர் நிலைத்துவிட்டது. குருணைகளில் இருப்பது உணவு அன்று. ஹிஸ்டமின், ஹெப்பாரின் முதலிய வேதிப்பொருள்களும் சில நொதிகளும் ஆகும். ஒவ்வாமை உள்ளவர்களின் உடலில் உருவாகும் ஐஜிஇ என்னும் பிறபொருளெதிரி இவ்வுயிரணுக்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வாப் பொருள் வந்து அதனுடன் இணைந்தால், குருணைகள் சில நிமிடங்களிலேயே வெளியேறி அரிப்பு, வீக்கம், மூச்சிறைப்பு ஆகியவற்றை உண்டாக்குகின்றன.

முதிர்ந்த மாஸ்ட் உயிரணுக்கள் இரத்த ஓட்டத்தில் காணப்படுவதில்லை. ஆகவே அவை திசுக்களில் உள்ள இணைப்பிழைய உயிரணுக்களிலிருந்தே உருவாகின்றன என்று பலர் எண்ணியிருந்தனர்.

சுண்டெலி ஆய்வுகள்

பெய்ஜ் எனப்படும் ஒரு வகைச் சுண்டெலியின் மாஸ்ட் உயிரணுக்களில் குருணைகள் இயல்பைவிட மிகப் பெரியவை. கித்தமுரா இக்குறைபாட்டையே ஓர் அடையாளக் குறியாகப் பயன்படுத்தினார். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இயல்பான சுண்டெலிகளுக்குப் பெய்ஜ் சுண்டெலியின் எலும்பு மச்சை செலுத்தப்பட்டது. பின்னர் அவற்றின் திசுக்களில் பெருங்குருணை கொண்ட மாஸ்ட் உயிரணுக்கள் தோன்றின. எனவே அவற்றின் மூல உயிரணுக்கள் எலும்பு மச்சையிலிருந்து வந்தவை என்பது உறுதியாயிற்று. இம்முடிவு 1977இல் வெளியானது.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வே பின்னர் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குக் கருவியாயிற்று. டபிள்யூ என்னும் மரபணு இடத்தில் பிறழ்வு கொண்ட சில சுண்டெலிகள் பிறவியிலேயே இரத்தசோகையும் வெண்ணிற மயிரும் மலட்டுத்தன்மையும் உடையவை. வளர்ந்த இச்சுண்டெலிகளின் தோலில் மாஸ்ட் உயிரணுக்கள் இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதைக் கித்தமுரா கண்டார். இயல்பான எலும்பு மச்சையைச் செலுத்தியபோது அவை மீண்டும் தோன்றின.

எஸ்எல் என்னும் வேறோர் இடத்தில் பிறழ்வு கொண்ட சுண்டெலிகளிலும் மாஸ்ட் உயிரணுக்கள் இல்லை. ஆனால் இவற்றுக்கு இயல்பான எலும்பு மச்சையைச் செலுத்தியும் பயனில்லை. இவற்றின் மச்சையை டபிள்யூ சுண்டெலிகளுக்குச் செலுத்தினாலோ மாஸ்ட் உயிரணுக்கள் வளர்ந்தன. அதாவது முதல் வகையில் குறை விதையில். இரண்டாம் வகையில் குறை நிலத்தில். இதன் மூலக்கூற்று விளக்கம் பத்தாண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. டபிள்யூ இடத்தில் இருப்பது கிட் என்னும் ஏற்பிப் புரதத்துக்கான மரபணு என 1988இலும், எஸ்எல் இடத்தில் இருப்பது அவ்வேற்பியில் வந்து பொருந்தும் குருத்தணுக் காரணிக்கான மரபணு என 1990இலும் வெவ்வேறு குழுவினர் கண்டறிந்தனர்.

ஒவ்வாமை ஆய்வில் பயன்பாடு

ஆய்வகத்தில் வளர்த்த மாஸ்ட் உயிரணுக்களை டபிள்யூ சுண்டெலியின் உடலில் மீண்டும் குடியேற்றும் முறையைக் கித்தமுரா குழுவினர், அமெரிக்க நோயியலாளர் ஸ்டீபன் கல்லியுடன் இணைந்து 1985இல் வெளியிட்டனர். மாஸ்ட் உயிரணு இல்லாத சுண்டெலி, அதே சுண்டெலியில் அவற்றைக் குடியேற்றிய பின் என இரு நிலைகளையும் ஒப்பிட இயன்றது. ஒரு விளைவு முதல் நிலையில் மறைந்து இரண்டாம் நிலையில் திரும்பினால், அது மாஸ்ட் உயிரணுவின் வேலை என்று கூறலாம். ஒவ்வாமையில் மட்டுமன்றி உடலைக் காப்பதிலும் இவ்வுயிரணுக்களுக்குப் பங்குண்டு என்பது இவ்வகைச் சுண்டெலிகளால்தான் தெரியவந்தது. 1996இல் பாக்டீரியத் தொற்றுக்கு எதிராகவும், 2006இல் பாம்பு, தேனீ ஆகியவற்றின் நஞ்சுக்கு எதிராகவும் அவை காப்பளிப்பது காட்டப்பட்டது.

புற்றுநோய் ஆய்வு

கிட் ஏற்பி ஒரு பூட்டு எனில் குருத்தணுக் காரணி அதன் சாவி. சாவி பொருந்தினால்தான் உயிரணுவுக்கு வளரும்படி ஆணை செல்லும். மாஸ்ட் உயிரணு இரத்தப் புற்றுநோய் கொண்ட ஒருவரிடமிருந்து பெறப்பட்ட எச்எம்சி-1 என்னும் உயிரணு வழியில் இப்பூட்டு சாவியின்றியே திறந்து கிடப்பதை ஒசாக்கா குழுவினர் 1993இல் கண்டனர். புரதத்தின் 560, 816 ஆகிய இடங்களில் இரு பிறழ்வுகள் இருந்தன.

கிட் இன்றி வளர இயலாத மற்றோர் உயிரணு குடற்சுவரில் உண்டு. அது கஹால் இடை உயிரணு ஆகும். குடலின் சீரான அசைவுக்குத் தாளம் அமைத்துக் கொடுப்பது. கிஸ்ட் எனப்படும் இரைப்பை-குடல் கட்டிகளிலும், கஹால் உயிரணுக்களைப் போலவே, கிட் புரதம் இருப்பதை செய்ச்சி ஹிரோத்தாவும் கித்தமுராவும் கவனித்தனர். அதுவரை இக்கட்டிகள் பெரும்பாலும் மென்தசைக் கட்டிகள் என்றே கணக்கிடப்பட்டு வந்தன. ஐந்து கட்டிகளின் கிட் மரபணுவைப் படித்தபோது உயிரணுச் சவ்வை ஒட்டிய பகுதியில் பிறழ்வுகள் காணப்பட்டன. எச்எம்சி-1இன் 560ஆம் இடமும் இதே பகுதியைச் சேர்ந்ததே. பிறழ்ந்த மரபணுவைச் சுண்டெலி உயிரணுக்களில் புகுத்தியதும் அவை புற்றுத் தன்மை பெற்றன. கட்டுரை 1998இல் சயன்ஸ் இதழில் வெளியானது. பரம்பரையாகக் கிஸ்ட் தோன்றும் ஒரு குடும்பத்திலும் கிட் பிறழ்வு இருப்பதை அதே ஆண்டில் இக்குழுவினர் காட்டினர்.

அறுவை மருத்துவத்தால் முற்றிலும் அகற்ற இயலாத கிஸ்ட் கட்டிகளுக்கு அக்காலத்தில் பயன் தரும் மருந்து ஏதும் இல்லை. வழக்கமான புற்றுநோய் மருந்துகளுக்கு அவை பணிவதில்லை. நாட்பட்ட ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட இமாட்டினிப், கிட் புரதத்தையும் தடுக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. 2000 மார்ச்சில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் அது முதன்முறையாக அளிக்கப்பட்டு, கட்டிகள் சுருங்கின. 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிஸ்ட் நோய்க்கு இம்மருந்தை ஏற்றது. மரபணுக் காரணம் வெளியானதற்கும் இதற்கும் இடையே நான்கே ஆண்டுகள். மருந்து வேறொரு நோய்க்காக முன்னரே ஆயத்தமாக இருந்ததே இவ்விரைவுக்குக் காரணம்.

மாஸ்ட் உயிரணுக்களே பெருகும் மாஸ்ட்டோசைட்டோசிஸ் நோயினருக்கு இந்நற்பேறு உடனே வாய்க்கவில்லை. உடல் முழுதும் பரவும் வகையில், வயது வந்தோரிடம் பெரும்பாலும் காணப்படுவது 816ஆம் இடத்துப் பிறழ்வாகும். இமாட்டினிப், செயலற்ற வடிவில் உள்ள கிட் புரதத்தையே பற்றும். 816ஆம் இடத்துப் பிறழ்வோ புரதத்தைச் செயல்படும் வடிவிலேயே நிறுத்திவிடுவதால் மருந்து பற்றுவதில்லை. இந்நோயின் கடுமையான வகைகளுக்கு மிடோஸ்டாரின் 2017இலும் அவாப்பிரிட்டினிப் 2021இலும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டன.

பிற்கால மறு ஆய்வுகள்

டபிள்யூ சுண்டெலிகளில் மாஸ்ட் உயிரணு மட்டுமன்றி வேறு பல உயிரணுக்களும் குறைவு. எனவே அவற்றைக் கொண்டு எட்டிய முடிவுகள் அனைத்தும் மாஸ்ட் உயிரணுவைச் சாருமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. கிட் மரபணுவைத் தொடாமல் மாஸ்ட் உயிரணுக்களை நீக்கிய புதிய வகைச் சுண்டெலிகளை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2011இல் சோதித்தனர். மூட்டழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் மாஸ்ட் உயிரணுவுக்கு இருப்பதாகக் கூறப்பட்ட பங்கு அவற்றில் காணப்படவில்லை. ஆனால் ஐஜிஇ வழி ஏற்படும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி அச்சுண்டெலிகளில் தோன்றவே இல்லை. பழைய முடிவு இங்கே உறுதிப்பட்டது. 1977ஆம் ஆண்டு முடிவும் ஓரளவு திருத்தம் பெற்றது. சுண்டெலிகளின் முதல் மாஸ்ட் உயிரணுக்கள் எலும்பு மச்சை உருவாவதற்கு முன்பே, கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து தோன்றுகின்றன என 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின.