இன்ஜினை இறக்கும் முன்பு அரை மணி நேரம்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு வண்டிகளின் உண்மை நிலையை மலைதான் காட்டிக்கொடுக்கிறது. கீழே ஒப்பேற்றிக்கொண்டு ஓடும் கார், பர்லியாறு தாண்டுவதற்குள் திணற ஆரம்பித்துவிடும். "ரெண்டாவது கியர்லயே இழுக்க மாட்டேங்குதுங்க. இன்ஜினை இறக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க" என்று கவலையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "கம்ப்ரஷன் பாத்தாங்களா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, பெரிய செலவைச் சொல்லியிருப்பார்கள். இது எனக்குப் பொறுக்காத விஷயம். ஒரு கேஜும் அரை மணி நேரமும் இருந்தால் தெரிந்துவிடுகிற ஒன்றுக்காக, சம்பளத்தை எண்ணி வாழும் ஒரு குடும்பம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது அந்தக் கலவை இறுக்கப்படுகிறது. நன்றாக இறுகினால்தான் தீப்பொறி பட்டதும் முழு வலுவோடு எரியும். பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 796 சிசி, பிஸ்டனின் குறுக்களவு 68.5 மில்லிமீட்டர். செல்ஃப் அடிக்கும்போதே சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ அழுத்தம் வந்தால், அந்தச் சின்னப் பிஸ்டனின் தலையில் 440 கிலோ பாரம் உட்காருகிறது. இவ்வளவு அழுத்தம் கசியாமல் நிற்க வேண்டுமென்றால் பிஸ்டன் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கட் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். எது கசிகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

வேலை எளிது. ஆனால் இதில் தீ இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாக, செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் ஆவி வெளியே பீறிடும். பக்கத்திலேயே பிளக் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தால் அதன் நுனியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பொறி தெறிக்கும். இரண்டும் சந்தித்தால் பானட்டுக்குள் நெருப்புதான். அதனால் முக்கியமான வேலை இக்னிஷனை நிறுத்துவது. டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி என்றால் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்ற வேண்டும். பிளக்குக்கு ஒரு காயில் என்று வரும் புது வண்டிகளில் எல்லாக் காயில்களின் கனெக்டரையும் எடுத்துவிட வேண்டும். ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கித் தொங்கவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் தீ ஆபத்து அப்படியே இருக்கிறது, காயிலும் கெட்டுப்போகும்.

பெட்ரோலையும் நிறுத்த வேண்டும், அதுவும் இக்னிஷனைக் கழற்றும் முன்பே. எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுவேன். இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டால் நிம்மதி. இல்லாவிட்டால் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். அப்போது நல்ல ரிங்கும் கெட்ட ரிங் மாதிரி அளவு காட்டும்.

வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்க வேண்டும். தோளில் துண்டு கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எலெக்ட்ரிக் என்பதால் சாவி போட்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும். பிளக்கைக் கழற்றும் முன்பே அதைச் சுற்றியிருக்கும் மண்ணைக் காற்றடித்து ஊத வேண்டும். கண்ணாடி போடாமல் யாரும் அந்த ஓட்டைகளின் மேல் குனியக் கூடாது. இன்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கொதிக்கிற சூட்டில் பிளக்கைத் திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை பெயர்ந்து வந்துவிடும். என் பட்டறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளே உட்கார்ந்திருக்கும் பையன் "அண்ணா, அடிக்கட்டுங்களா?" என்று கேட்பான். "கைய எடுத்துட்டேன், அடி" என்று நான் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவான். எவ்வளவு அவசரமானாலும் இது மாறாது.

எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்தால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், கணக்குத் தப்பும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ஆக்சிலேட்டரைக் கடைசிவரை மிதித்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே போதிய காற்றுப் போகாது. கேஜைக் கையால் திருகி மாட்டிவிட்டு, ஊசி ஐந்து முறை துள்ளும்வரை செல்ஃப் அடிக்கச் சொல்வேன். எல்லாச் சிலிண்டருக்கும் அதே ஐந்து. கேஜ் ஓஸின் முனையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது கெட்டால் டயர் வால்வை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். டயர் வால்வின் ஸ்பிரிங் கடினமானது, அளவைக் குறைத்துக் காட்டும். நல்ல இன்ஜினுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும் காரியம் அது.

கடைசி எண்ணைவிட ஊசி ஏறும் விதத்தைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். நல்ல சிலிண்டரில் முதல் துள்ளலிலேயே பாதிக்கு மேல் தாவி, மூன்றாவது நான்காவதில் உச்சத்தில் நின்றுவிடும். ரிங் தேய்ந்திருந்தால் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும். வால்வு கசிந்தால் முதலிலும் குறைவு, அடுத்தடுத்தும் பெரிதாக ஏறாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எல்லாமே ஒரே அளவில் குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினைக் குறை சொல்லக் கூடாது. சரியான அளவு எது என்பதைக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் ஒரு கிலோவுக்குள், அதாவது சுமார் 14 பிஎஸ்ஐ-க்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் 800-இல் 165, 160, 90 பிஎஸ்ஐ என்று வந்தது. கேஸில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. மூன்றாவது சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும். இங்கே 95-க்கு மேல் போகவில்லை. அப்படியென்றால் வால்வு. டேப்பட் கவரைத் திறந்தால், எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கேஸில் ஓடும் இன்ஜினில் வால்வு உட்காரும் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறிவிடும். பிறகு முழுதாக மூடாது. இடைவெளியைச் சரியாக வைத்துப் பார்த்தபோது 150. "அவ்வளவுதானுங்களா தம்பி?" என்று அவர் நம்ப முடியாமல் கேட்டார். வால்வு கருகுவதற்கு முன்பு வந்ததால் அவ்வளவுதான். இந்த ஆயில் சோதனை பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசலில் எரியும் இடம் மிகச் சிறியது, அழுத்தமோ மிக அதிகம். அதில் ஆயிலை விட்டால் இன்ஜினே உடையலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே கேஜ் மாட்டினால் நல்ல இன்ஜினும் கால்வாசி குறைத்தே காட்டும். ஆகவே மேலே பார்த்த அளவை மேலே உள்ள வண்டியோடுதான் ஒப்பிட வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமோ எந்த உயரத்திலும் உண்மையைச் சொல்லும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் கம்ப்ரஸர் காற்றை உள்ளே செலுத்திப் பார்ப்பேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடிய நிலையில் காற்றுக் கொடுக்க வேண்டும். 100 பிஎஸ்ஐ காற்று அந்த 800 பிஸ்டனை ஏறக்குறைய 260 கிலோ விசையோடு தள்ளும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மறந்து விட்டிருந்தால் அது சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். ஸ்பேனர் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காற்றைத் திறக்க வேண்டும். பிறகு காது கொடுத்துக் கேட்டால் போதும். சைலன்ஸர் குழாயில் சீற்றம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் கேட்டால் ரிங். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும்போது தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வண்டிக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வைப்பேன். அவர் காதால் கேட்ட பிறகுதான் ஹெட்டைக் கழற்றலாமா என்று பேசுவோம்.