இன்சுலின் அளவும் தொடர் சர்க்கரை அளவியும்

முதல்வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆதலின் இன்சுலினை நாள்தோறும் வெளியிலிருந்து செலுத்த வேண்டும். அதன் அளவு எல்லோருக்கும் ஒன்றன்று. ஒருவருக்கே காலையில் வேண்டுவது மாலையில் வேறாகலாம்.

இவ்வேறுபாட்டை அறியத் தொடர் சர்க்கரை அளவி துணைபுரிகிறது. தோலின்கீழ்ப் பொருத்தப்படும் மெல்லிய உணரி, திசுநீரிலுள்ள சர்க்கரையை 5 நிமிடத்திற்கொருமுறை அளப்பின், நாளொன்றுக்கு 288 அளவுகள் கிடைக்கும். சர்க்கரை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அம்புக்குறி காட்டும்.

உணவுக்கு முன் இருவருக்கு, டெசிலிட்டருக்கு 120 மில்லிகிராம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். ஒருவரின் அம்பு மேல்நோக்குகிறது. மற்றவரின் அம்பு கீழ்நோக்குகிறது. எண் ஒன்றே, முடிவு வேறு. பின்னவருக்கு வழக்கமான இன்சுலின் மிகையாகி, சர்க்கரை அபாயமாகத் தாழலாம். ஆகவே மருத்துவர் ஒவ்வொருவரின் பலநாட் பதிவையும் ஆராய்ந்து, தனித்தனியே விதி வகுத்தளிக்கிறார்.

ஆசிரியர்கள் ஒன்றை மறத்தலாகாது. திசுநீரின் அளவு குருதியின் அளவுக்குச் சில நிமிடம் பிந்தியது. எனவே கருவி நல்ல எண்ணைக் காட்டினும், மாணவனிடம் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் விரல்நுனிக் குருதியைச் சோதிக்க வேண்டும். அதற்கு வசதியில்லையேல், நினைவுள்ளபோதே 15 கிராம் குளுக்கோஸ் உட்கொள்ளச் செய்க. நினைவிழந்தவனுக்கு வாய்வழி எதுவும் கொடாமல், உடனே மருத்துவ உதவி நாடுக.