புறாவுக்கு வேகம், பூவுக்கு ஆழம்

மரகதப்புறா தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. செங்காந்தள் மாநில மலர். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் காடுகளில் நடந்தால் ஒரே காலையில் இரண்டையும் பார்க்க வாய்ப்புண்டு. கேமராவில் பதிக்கும்போதுதான் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. புறாவுக்கு வேகம் வேண்டும். பூவுக்கு ஆழம் வேண்டும்.

மரகதப்புறா நிழலடர்ந்த காட்டுத் தரையில் உதிர்ந்த விதைகளையும் பழங்களையும் பொறுக்கித் தின்னும். மிரண்டால் மரங்களுக்கிடையே தாழ்வாக, விசையாகப் பறந்துவிடும். நடக்கும் புறா கலங்காமல் பதிய ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். பறக்கும் புறாவுக்கு 1/2000 நொடி. அந்தக் கண நேரத்தில் உள்ளே நுழையும் ஒளி மிகக் குறைவு. ஆகவே லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓவை 3200 வரைகூட உயர்த்த வேண்டியிருக்கும். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பாதகமில்லை, கண் துல்லியமாக விழுந்தால் போதும். 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் புறாவை நெருங்கத் தேவையில்லை.

செங்காந்தள் ஓடிப்போகாது. ஆனால் அதன் இதழ்கள் பின்னோக்கி வளைந்து நிற்கும். மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்திருக்கும். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நீளும். மேக்ரோ லென்ஸில் பூவைச் சட்டம் நிறைய எடுக்கும்போது, எஃப்/2.8 துளையில் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாகத் தெரியும். எஃப்/11க்குச் சுருக்கினால் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டராகும். அதற்கு விலை உண்டு: ஒளி 16இல் ஒரு பங்காகக் குறைகிறது; ஷட்டர் 16 மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். எனவே முக்காலி தேவை. காற்று ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு: குனியுங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். கேமரா அவற்றின் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரத்துக்குப் போய் மங்கிவிடும். புறாவோ பூவோ தனித்துத் தெரியும்.

அழகான படத்தோடு அடையாளப் படமும் எடுங்கள். செங்காந்தளில் பூவை மட்டும் எடுத்தால் போதாது. பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும் இலைநுனியையும் எடுங்கள். புறாவில் ஆணின் தோளிலுள்ள வெள்ளைத் திட்டு தெரியட்டும். தேதியும் இடமும் சேர்த்து இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் தளங்களில் பதிவேற்றினால் அந்தப் படம் அறிவியல் தரவாகிறது.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், படத்துக்காகச் சுற்றியுள்ள செடிகளைப் பிடுங்குவதும் வேண்டாம். புறா இரை பொறுக்குவதை நிறுத்தித் தலைநிமிர்ந்தால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். நம் படத்தைவிட அதன் இரை முக்கியம்.