தீர்ப்புக்கு முன்பே ஒரு பரிசோதனை

பாலியல் வன்முறைக்கு ஆளானவரை வழக்கு தொடங்கும் முன்பே ஒரு பயம் வாட்டும்: எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ?

அந்தப் பயத்தைத் தீர்க்கத் தென்னாப்பிரிக்காவின் 2007ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம் வழிசெய்கிறது. குற்றம் நடந்த 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர் மனு கொடுத்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய நீதிபதி உத்தரவிடலாம். அவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர். அதனால் பரிசோதனை முடிவை ஊரறியச் செய்ய முடியாது. கெட்ட எண்ணத்தோடு வெளியிடுவது குற்றம்.

ஆனாலும் பரிசோதனையை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. புதிதாகத் தொற்றுக்கு ஆளானவரின் ரத்தத்தில் கிருமி சில வாரங்கள் பிடிபடாமல் போகலாம். தடுப்பு மருந்தையோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் சாப்பிட வேண்டும். அந்த 72 மணி நேரக் கெடுவுக்குள் புகார் செய்பவருக்கு மருந்து அரசு செலவில் கிடைக்க அதே சட்டம் உரிமை தருகிறது. உயிர்காப்பதில் முதலிடம் இந்த உரிமைக்கே.