உங்களுக்குத் தெரியுமா? எஸ்.எஸ்.டி. பழையதன் மேல் எழுதாது!

எஸ்.எஸ்.டி.யில் சேமித்த கடிதத்தில் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினாலும், அது பழைய இடத்திலேயே திருத்தப்படுவதில்லை. திருத்திய பகுதி வேறொரு காலி இடத்தில் புதிதாக எழுதப்படுகிறது. பழையது பிறகுதான் அழிக்கப்படுகிறது.

• காரணம், எஸ்.எஸ்.டி.யில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் சிறு பக்கங்களாக எழுதலாம். ஆனால், பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும்.

• எனவே எஸ்.எஸ்.டி.யை முழுவதும் நிரப்பிவிடாதீர்கள். காலி இடம் குறைந்தால் எழுதும் வேகமும் குறையும்.

• நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், தேடும் தகவல் படிக்கும் முனைக்குக் கீழே சுழன்று வரவே சராசரியாக 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதனால் சிதறிய கோப்புகளை ஒருங்கே அடுக்கும் டிஃப்ராக் செய்யத் தேவையில்லை.

• சாட்டா இணைப்பில் எந்த எஸ்.எஸ்.டி.யும் நொடிக்குச் சுமார் 550 எம்.பி. வேகத்தோடு நின்றுவிடும். என்விஎம்இ வகை அதைப்போல் பல மடங்கு வேகம் தரும்.

• எஸ்.எஸ்.டி. பொருத்தும் எம்.2 ஸ்லாட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. சில சாட்டாவை மட்டும் ஏற்கும். சில என்விஎம்இயை மட்டும் ஏற்கும். வாங்கும் முன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள்.