கோணல் மனைக்குக் கைமரம் அறுப்பது

மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையோ, குமுளிச் சரிவில் ஏலக்காய் ஸ்டோரோ போடுகிறவர்களுக்குச் சதுரமாக இடம் அமைவது அபூர்வம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. மூலைகள் விரிந்தோ குறுகியோதான் கிடக்கும். சுவரை எப்படியும் எழுப்பிவிடலாம். ஆசாரிக்குச் சோதனை கூரையில்தான்.

சுவர்மேல் கிடக்கும் உத்தரத்திலிருந்து முகட்டுக்கு ஏறும் சாய்வு மரம் கைமரம்; மலையாளத்தில் கழுக்கோல். 6 அடி உள்ளே போய் 4 அடி உயர்ந்தால் அதன் நீளம் சுமார் 7 அடி 2½ அங்குலம். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்குதான்.

மூலைக் கைமரம் அப்படி எளிதில் அடங்காது. மூலைக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டில் அது போனால்தான் இரு பக்கமும் ஒரே சாய்வு வரும். அதே 6க்கு 4 வாட்டத்தில், செங்கோண மூலைக்குச் சுமார் 9 அடி 4½ அங்குலம். 120 டிகிரி விரிந்த மூலைக்குச் சரியாக 8 அடி. 60 டிகிரிக்குக் குறுகினால் 12 அடி 8 அங்குலத்தைத் தொடும்.

பலர் செய்வது வேறு. முகட்டையும் உத்தரத்தையும் மட்டமாக வைத்துவிட்டு, அகலம் கூடுகிற பக்கம் கைமரத்தை நீட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வாட்டம் மாறி, கூரைப் பரப்பு முறுக்கிக்கொள்கிறது. தகரம் ஓரளவு வளைந்து கொடுக்கும். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் செய்யத் தொடங்கிய சீமை ஓடு கொடுக்காது. பக்கத்து ஓட்டைக் கவ்வி உட்கார வேண்டியது அது. ஆடிய ஓட்டின் இடுக்கில் மழை இறங்கும். வாட்டத்தை மாற்றாமல், அகலத்துக்கேற்ப முகட்டை ஏறி இறங்க விடுவதே சரி. அப்போது சம இடைவெளியில் நிற்கும் கைமரங்களின் நீளம் ஒரே அளவாகக் கூடிக்கொண்டே போகும்; தலைவெட்டின் கோணமும் மாறாது.

கேரளத்துப் பழைய ஆசாரிகள் இதைவிடக் கடினமானதைச் செய்தவர்கள். சதுரக் கூரையின் மூலையில் கழுக்கோல்கள் விசிறியாக விரியும். அத்தனையையும் துளைத்துக்கொண்டு ‘வள’ என்ற மெல்லிய சட்டம் மட்டமாக ஓடும். வட்டக் கூரையில் எல்லாத் துளையும் ஒரே சாய்வு. மூலையிலோ கோலுக்குக் கோல் வேறு. அதைத் தரையிலேயே கணக்கிட்டுத் துளைத்து, மேலே ஏற்றிக் கோத்துவிடுவார்கள். என் கணிப்பில் மரவேலையின் உச்சம் இதுதான்.

கொட்டகைக்கு அவ்வளவு வேண்டாம். சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கோட்டால் கூரையை முழு அளவில் வரையுங்கள். முகட்டு மரத்தின் பாதித் தடிமனைக் கழியுங்கள். இறவாரத்துக்கு வெளியே நீள வேண்டியதைக் கூட்டுங்கள். ஒன்றை மட்டும் அறுத்து ஏற்றிப் பாருங்கள். பொருந்திய பிறகு மற்ற மரங்களில் ரம்பத்தை வையுங்கள்.